நோய் ஒரு மருத்துவரை உருவாக்குமா?

பிளஸ் டூ முடிவுகளும் நீட் முடிவுகளும் வரும் மாதங்களில் நாளிதழ்களில் ஒரு வகைச் செய்தி தவறாமல் இடம்பெறும். சிறு வயதில் நெடுநாள் நோயோடு போராடிய மாணவி ஒருத்தி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதே டாக்டராவது என்று முடிவெடுத்ததாகச் சொல்வாள். படிப்பவர் மனம் இளகும். ‘நோவு தெரிந்தவள், நல்ல டாக்டராக வருவாள்’ என்று வாழ்த்துவோம். அந்த வாழ்த்துக்குள் இரண்டு அனுமானங்கள் ஒளிந்திருக்கின்றன. நோய்தான் அந்த ஆசையை விதைத்தது என்பது ஒன்று. நோயில் கிடந்தவர் மற்றவரைவிட நல்ல மருத்துவராவார் என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையா என்ற கேள்விக்கு இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளாக மனிதர்கள் பதில் சொல்லிவருகிறார்கள். பதில்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.

தமிழ்ப் பழமொழிகளே இதில் இரண்டு கட்சியாக நிற்கின்றன. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது ஒரு கட்சி. ஆயிரம் வேரைக் கண்டவன் அரை வைத்தியன் என்பது மறு கட்சி. முதலாவது அனுபவத்தை முன்வைக்கிறது, இரண்டாவது கல்வியை. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் இரண்டாம் கட்சிக்கே நெருக்கமானது. மருத்துவத்தின் நான்கு அங்கங்களை எண்ணும்போது வள்ளுவர் நோயாளியை முதலில் வைக்கிறார். ஆனால் மருத்துவரிடம் எதிர்பார்ப்பது நோயின் அளவையும் நோயாளியின் நிலையையும் காலத்தையும் அறியும் படிப்பைத்தான். அவரும் ஒருகாலத்தில் படுக்கையில் கிடந்திருக்க வேண்டும் என்று கேட்கவில்லை.

கிரேக்கர்களின் முரண்பட்ட பதில்கள்

கிடந்திருக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னவர் பிளேட்டோ. ‘குடியரசு’ நூலின் மூன்றாம் பகுதியில் சாக்ரடீஸ் வாயிலாக அவர் முன்வைக்கும் கருத்து துணிச்சலானது. சிறந்த மருத்துவர் யார்? சிறு வயதிலிருந்தே கலையைக் கற்றதோடு, மிக மோசமான நிலையில் உள்ள உடல்கள் பலவற்றோடு பழகி, எல்லா நோய்களையும் தானும் பட்டு, இயல்பிலேயே அவ்வளவு திடமில்லாத உடல் வாய்த்தவர். உடலால் உடலைக் குணப்படுத்துவதில்லை, மனத்தால்தான் குணப்படுத்துகிறோம். ஆகவே மருத்துவரின் உடல் கெட்டிருந்தாலும் குற்றமில்லை என்பது அவர் வாதம். அதே இடத்தில் நீதிபதிக்கு இந்த விதி பொருந்தாது என்றும் சேர்த்துக்கொள்கிறார். நீதிபதி மனத்தைக் கொண்டு மனங்களை ஆள்பவர். தீமையைத் தானே செய்து பார்த்துக் கற்றுக்கொள்ள அவருக்கு உரிமையில்லை. அனுபவம் எங்கே உதவும், எங்கே கெடுக்கும் என்ற வேறுபாட்டை அன்றே ஒருவர் யோசித்திருக்கிறார்.

அதே மரபில் நேரெதிரான குரலும் உண்டு. ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் தொகுப்பில் ‘மருத்துவர்’ என்றொரு சிறு நூல் இருக்கிறது. மருத்துவர் நல்ல நிறத்தோடும் தன் உடல்வாகுக்கு ஏற்ற சதைப்பிடிப்போடும் தோன்ற வேண்டும் என்பது அதன் தொடக்கமே. தன் உடம்பையே சரியாக வைத்துக்கொள்ளாதவர் பிறரை எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று ஜனங்கள் நினைப்பார்கள் என்று அது காரணம் சொல்கிறது. பிளேட்டோ மருத்துவரின் அறிவைப் பற்றிப் பேசினார். இந்த நூலாசிரியர் நோயாளியின் நம்பிக்கையைப் பற்றிப் பேசினார். நோயுற்ற பிள்ளைகள் மருத்துவக் கல்லூரி வாசலில் இன்று சந்திக்கும் தயக்கத்துக்கு இவ்வளவு பழைய வேர் இருக்கிறது.

இவ்விருவரையும்விட எனக்கு முக்கியமாகத் தோன்றுபவர் மருத்துவரே அல்லாத வரலாற்றாசிரியர் துசிடிடீஸ். கி.மு. 430இல் ஏதென்ஸைக் கொள்ளைநோய் தாக்கியது. அந்த நோயில் விழுந்து எழுந்தவர் அவர். நோயாளிகளிடமும் சாகக் கிடந்தவர்களிடமும் மிகுந்த இரக்கம் காட்டியவர்கள் நோயிலிருந்து மீண்டவர்களே என்று எழுதிவைத்திருக்கிறார். ஆனால் காரணத்தை இரண்டாகப் பிரிக்கிறார். நோய் எப்படிப்பட்டது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதோடு, அது இரண்டாம் முறை கொல்லும் அளவுக்கு வராது என்பதால் அவர்களுக்குப் பயமும் இல்லை. பரிவு பாதி, பயமின்மை பாதி. நோயுற்றவரின் கருணையைப் பற்றி எழுதும் பலர் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள்.

குறையை ஈடுசெய்யும் மனம்

இருபதாம் நூற்றாண்டில் இந்தக் கேள்வி உளவியலாளர்களின் கைக்கு வந்தது. அதற்கு முழுமையான கோட்பாடு கட்டியவர் வியன்னா மருத்துவர் ஆல்ஃபிரட் ஆட்லர். 1870இல் பிறந்த அவருக்குச் சிறு வயதில் கணைநோய் இருந்தது; எலும்புகள் வலுவின்றி, மற்ற பிள்ளைகள் ஓடியாடும்போது உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் படுத்திருந்த தம்பி இறந்துபோனான். ஐந்து வயது வாக்கில் அவருக்கே நிமோனியா கண்டது. பையன் பிழைக்கமாட்டான் என்று மருத்துவர் தந்தையிடம் சொன்னது அவர் காதில் விழுந்தது. பிழைத்தெழுந்தபோது மருத்துவராவது என்று தீர்மானித்துவிட்டதாக ஆட்லர் பின்னாளில் கூறினார். உறுப்புக் குறை உள்ளவர் அந்தக் குறையை ஈடுசெய்யும் முயற்சியிலேயே தன் வாழ்க்கையை வடிவமைத்துக்கொள்கிறார் என்ற கருத்தை 1907இல் நூலாக எழுதினார். மரணத்தைக் கண்டு பயந்த குழந்தை மரணத்தோடு மல்லுக்கு நிற்கும் தொழிலைத் தேர்ந்தெடுக்கிறது.

கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. பலவீனமும் அந்தப் பொருத்தத்தில்தான் இருக்கிறது. 1919இல் ஆட்லரோடு சிறிது காலம் பணியாற்றிய தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர், எந்த நிகழ்வைக் கொடுத்தாலும் இந்தக் கோட்பாடு விளக்கிவிடுகிறது என்பதே தன்னை உறுத்தியதாகப் பிறகு எழுதினார். நோயுற்ற பிள்ளை டாக்டரானால் ஈடுசெய்தல். ஆஸ்பத்திரி வாசனையே ஆகாமல் கணக்கெழுதப் போனால் அதுவும் இன்னொரு வகை ஈடுசெய்தல். எதையும் மறுக்காத கோட்பாடு எதையும் முன்கூட்டிச் சொல்லவும் செய்யாது.

கார்ல் யுங் இன்னொரு பாதையில் வந்தார். 1951இல் எழுதிய ஒரு கட்டுரையில் காயம்பட்ட மருத்துவர் என்ற கிரேக்கத் தொன்மத்தை நினைவுகூர்ந்து, சிகிச்சையாளரின் சொந்தக் காயமே அவருடைய குணப்படுத்தும் ஆற்றலுக்கு அளவுகோல் என்றார். நஞ்சு தோய்ந்த அம்பால் ஆறாத புண்பட்ட கைரோன் என்ற குதிரைமனிதன்தான் மருத்துவத் தெய்வமான அஸ்கிலீப்பியஸுக்கு ஆசான் என்கிறது அந்தத் தொன்மம். யுங்கின் கருத்து மனநல சிகிச்சைக்காகச் சொல்லப்பட்டது. அங்கே சிகிச்சையாளரின் மனமே கருவி. அதை எலும்புமுறிவுக்கும் கண்புரைக்கும் அப்படியே நீட்டிக்கலாமா என்பது வேறு கேள்வி. நீட்டித்தவர்கள் அதற்கான நியாயத்தை அதிகம் சொல்லவில்லை.

இல்லாத கல்லறையும் நினைவில்லாத காரணமும்

ஆட்லர் சொன்ன இன்னொரு நினைவு இந்த விவாதத்தில் பெரிய இடம் பெறத் தக்கது. பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு கல்லறைத் தோட்டத்தைக் கடக்க வேண்டியிருந்ததாம். மற்ற பிள்ளைகள் சாதாரணமாகக் கடந்துபோக, இவருக்கு மட்டும் கால் நடுங்கும். ஒரு நாள் பையைக் கீழே வைத்துவிட்டு, பயம் போகும்வரை அந்தத் தோட்டத்தின் குறுக்கே பலமுறை ஓடித் திரும்பினார். அன்றோடு பயம் தீர்ந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு பழைய பள்ளித் தோழர் ஒருவரிடம் அந்தக் கல்லறையைப் பற்றிப் பேச்செடுத்தார். அப்படியொரு கல்லறை அங்கே இருந்ததே இல்லை என்றார் தோழர். வேறு தோழர்களிடம் விசாரித்தார். அவர்களும் அதையே சொன்னார்கள். மரண பயத்தை வெல்லத் தன் மனமே அந்த நினைவைப் படைத்துக்கொண்டது என்று ஆட்லர் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டது அவருடைய நேர்மை. ஆனால் கல்லறை நினைவு கற்பனையென்றால், நிமோனியாவிலிருந்து எழுந்த கணத்தில் டாக்டராக முடிவெடுத்த நினைவை எவ்வளவு தூரம் நம்புவது?

ரஷ்ய எழுத்தாளரும் மருத்துவருமான செக்காவின் கதை இதற்கு மறுபுறம். 1875இல், பதினைந்து வயதில், ஊர் திரும்பும் வழியில் குளிர்ந்த ஆற்றில் குளித்த செக்காவுக்கு வயிற்று உள்சவ்வில் கடும் அழற்சி கண்டது. வழியில் இருந்த சத்திரத்தின் யூதச் சத்திரக்காரர் இரவு முழுக்கக் கண்விழித்து, கடுகுப் பற்றும் ஒத்தடமும் போட்டுக் காப்பாற்றினார். பின்னாளில் ‘ஸ்டெப்பி’ குறுநாவலில் மோயிசேய் மோயிசேயிச் என்ற சத்திரக்காரராக அவர் வருகிறார். டாகன்ரோக் வந்து சேர்ந்தபின் பள்ளியின் ஜெர்மானிய மருத்துவர் ஸ்ட்ரெம்ப் சிகிச்சை அளித்தார். அவரோடு பேசிப் பழகியதுதான் செக்காவை மருத்துவத்தின் பக்கம் திருப்பியது என்று வாழ்க்கை வரலாற்றாளர்கள் எழுதுகிறார்கள்.

செக்காவ் என்ன சொன்னார்? 1899இல் கல்லூரித் தோழரான மருத்துவர் ரொஸ்ஸோலிமோ கேட்டதற்காகத் தன்னைப் பற்றிச் சுருக்கமாக எழுதி அனுப்பினார். மருத்துவப் பிரிவை எதற்காகத் தேர்ந்தெடுத்தேன் என்று நினைவில்லை, ஆனால் தேர்ந்ததற்காகப் பிறகு வருந்தியதில்லை என்பதே அதில் உள்ள செய்தி. காய்ச்சலும் இல்லை, ஸ்ட்ரெம்ப்பும் இல்லை. தந்தையின் கடை திவாலாகிக் குடும்பம் மாஸ்கோவுக்கு ஓடியது, நிலையான வருமானம் தரும் படிப்பு வேண்டியிருந்தது ஆகியவற்றையும் கணக்கில் வைத்தால், நோய் பல காரணங்களில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது.

ஒருவர் நினைவிருக்கிறது என்கிறார். அவர் நினைவு நம்பத்தக்கதல்ல. இன்னொருவருக்காக மற்றவர்கள் நினைவு வைத்திருக்கிறார்கள். அவரோ நினைவில்லை என்கிறார். நோய் கனவை விதைத்தது என்ற வாதத்தின் அடிப்படைச் சிக்கல் இதுதான். சான்றுகள் ஏறக்குறைய எல்லாம் பின்னோக்கிச் சொல்லப்பட்டவை. டாக்டரானவர் திரும்பிப் பார்த்துத் தன் பாதைக்கு ஒரு தொடக்கப்புள்ளி தேடுகிறார். அதே வார்டில் அதே ஆசையோடு படுத்திருந்து, பின்னர் பேருந்து ஓட்டப் போனவரையோ பிழைக்காமல் போனவரையோ யாரும் பேட்டி எடுப்பதில்லை.

தடுப்பூசியின் முன்னோடி எட்வர்ட் ஜென்னர் விஷயத்திலும் இதே கவனம் தேவை. எட்டு வயதில் அவருக்குப் பழைய முறையில் அம்மைப்பால் குத்தினார்கள். அதற்கு முன் வாரக்கணக்கில் இரத்தம் எடுத்து, பேதிக்குக் கொடுத்து, அரைப்பட்டினி போட்டார்கள். பிறகு குத்திக்கொண்ட மற்றவர்களோடு ஒரு தொழுவத்தில் அடைத்தார்கள். 1796 மே 14 அன்று அவர் பசு அம்மைப்பாலைக் குத்திய முதல் சிறுவனுக்கும் எட்டு வயதுதான். இந்த ஒற்றுமை மனத்தைத் தொடுகிறது. ஆனால் தொழுவத்தில் பட்ட வேதனைதான் தடுப்பூசிக்கு வித்து என்பது வரலாற்றாளர்களின் ஊகம். அதை ஊகமென்றே சொல்ல வேண்டும்.

சே குவேராவை எடுத்துக்கொண்டால் காரணங்கள் போட்டியே போடுகின்றன. இரண்டு வயதிலிருந்தே ஆஸ்துமா. பொறியியல் படிக்க எண்ணியிருந்தவர், 1947இல் பாட்டியின் மரணப் படுக்கை அருகே இருந்தபின் மருத்துவத்துக்கு மாறினார். பிறகு ஒவ்வாமை நோய் ஆய்வில் ஈடுபட்டார். ஆஸ்துமாவா, பாட்டியா? துறைக்குள் வந்தபின் எந்தப் பக்கம் திரும்புவது என்பதை ஆஸ்துமா முடிவுசெய்தது, துறையை முடிவுசெய்தது பாட்டியின் மரணம் என்று படிப்பதே நிகழ்வுகளின் வரிசைக்குப் பொருந்துகிறது.

ஏன் டாக்டர், ஏன் நர்ஸ் இல்லை?

குழந்தைப் பருவ ஆசைகளை ஆராய்ந்தவர்கள் நோயையே நடுவில் வைக்கவில்லை. பொருளியலாளர் எலி கின்ஸ்பெர்க்கும் குழுவினரும் 1951இல் வெளியிட்ட நூல், பதினோரு வயது வரையிலான காலத்தைக் கற்பனைப் பருவம் என்றது. அந்த வயதில் பிள்ளை தனக்குப் பிடித்த பெரியவரைப் போல ஆக விரும்புகிறது. முடியுமா என்று யோசிப்பதில்லை. லிண்டா காட்ஃபிரெட்சன் 1981இல் முன்வைத்த கோட்பாடு இன்னும் கூர்மையானது. ஆறிலிருந்து எட்டு வயதுக்குள் இது ஆண் வேலை, இது பெண் வேலை என்று பிள்ளைகள் கழித்துக்கட்டுகிறார்கள். ஒன்பதிலிருந்து பதின்மூன்றுக்குள் மதிப்புக் குறைந்த வேலைகளைக் கழித்துக்கட்டுகிறார்கள். மிஞ்சியதிலிருந்துதான் பிறகு தேர்வு.

இதை ஒரு புற்றுநோய் வார்டில் வைத்துப் பார்க்கலாம். இரத்தப் புற்றுநோய்க்கு இரண்டு மூன்று ஆண்டு சிகிச்சை பெறும் பிள்ளையிடம் பெரிய டாக்டர் ஒரு நாளில் நிற்கும் நேரம் சில நிமிடம். நரம்பு கிடைக்காத கையில் பொறுமையாக ஊசி ஏற்றுவதும், ட்ரிப்ஸ் தீர்ந்துவிட்டதா என்று நள்ளிரவில் பார்ப்பதும், வாந்தி எடுக்கும்போது முதுகைத் தடவுவதும் நர்ஸ். படுக்கை விரிப்பை மாற்றுவது ஆயாம்மா. அனுபவமே கனவை வடிவமைக்கிறது என்றால், அந்த வார்டுகளிலிருந்து நர்ஸாக விரும்பும் பிள்ளைகள்தான் அதிகம் வர வேண்டும். செய்தித்தாள் நமக்குக் காட்டுவதோ டாக்டராக விரும்பும் பிள்ளைகளை. நம் சமூகம் ‘டாக்டர்’ என்ற சொல்லுக்குக் கொடுத்திருக்கும் உயரம் நோயின் வாய்வழியாகப் பேசுகிறது என்று சந்தேகிக்க இடமிருக்கிறது. பிள்ளையின் ஆசை பொய் என்பதல்ல என் வாதம். அந்த ஆசைக்கு நோய் மட்டுமே தாய் அல்ல என்பதுதான்.

இன்னொரு பெரிய காரணம் எளிமையானது: டாக்டர் வீட்டுப் பிள்ளை டாக்டராகிறது. 2020இல் வெளியான ஸ்வீடன் நாட்டு ஆய்வு ஒன்றில், 1950களில் பிறந்த மருத்துவர்களில் 6 விழுக்காட்டினருக்குத்தான் தாயோ தந்தையோ மருத்துவர். 1980க்கும் 1990க்கும் இடையில் பிறந்த மருத்துவர்களிடம் அது 20 விழுக்காடாக உயர்ந்திருந்தது. கல்வி எல்லோருக்கும் எட்டும் நாடு என்று பேர் வாங்கிய ஸ்வீடனிலேயே இந்த நிலை. நோய் தந்த கனவைப் பற்றி நாம் எழுதும் அளவுக்கு, வீட்டுச் சாப்பாட்டு மேசை தந்த கனவைப் பற்றி எழுதுவதில்லை.

பக்கத்தில் நின்றவர்கள்

தானே நோயுறாமல், பக்கத்தில் நின்று பார்த்தவர்களின் வரிசை நீளமானது. அதைத் தனிக் கட்சியாகவே கொள்ளலாம். ஆனந்திபாய் ஜோஷி பதினான்கு வயதில் பெற்ற குழந்தை பத்து நாளில் இறந்தது. அந்த இழப்பு அவரை அமெரிக்காவின் பென்சில்வேனியா வரை அழைத்துச் சென்று 1886இல் மருத்துவப் பட்டம் பெறவைத்தது. மறு ஆண்டே காசநோயில் அவர் இறந்தார். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் பிரசவ வேதனையில் இருந்த மனைவியருக்காக ஐடா ஸ்கடரைத் தேடி வந்தார்கள். அவர் அப்போது மருத்துவம் படிக்காதவர். ஆண் மருத்துவரான அவர் தந்தையை அவர்கள் ஏற்கவில்லை. மூன்று பெண்களும் இறந்தார்கள். வேலூரில் 1918இல் அவர் தொடங்கிய பெண்கள் மருத்துவப் பள்ளியின் வேர் அந்த இரவில் இருக்கிறது. தங்கை புற்றுநோயில் இறந்த துயரத்தை முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக மாற்றினார். ஆனால் தங்கை இறக்கும் முன்பே அவர் மருத்துவர். துயரம் அவருக்குத் தொழிலைத் தரவில்லை. தொழிலுக்குத் திசை தந்தது.

இந்த வேறுபாட்டை மிகத் தெளிவாகக் காட்டும் வாழ்க்கை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய கோ. வெங்கடசாமியுடையது. 1918இல் வடமலாபுரம் என்ற கிராமத்தில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது உறவுப் பெண்கள் மூவர் பேறுகாலத்தில் அடுத்தடுத்து இறந்தார்கள். ஊரில் டாக்டர் இல்லை. டாக்டராவது, அதுவும் பிரசவம் பார்க்கும் டாக்டராவது என்று அப்போது முடிவெடுத்ததாக அவர் சொல்லியிருக்கிறார். 1944இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று ராணுவத்தில் சேர்ந்தார். முப்பது வயதில் கடுமையான முடக்குவாதம் வந்தது. நெடுநாள் எழுந்து நிற்கவே முடியாமல் கிடந்தார். விரல்கள் நிரந்தரமாகக் கோணிவிட்டன. பேனா பிடிப்பதே பாடாகிவிட்ட கையால் பிரசவம் பார்க்க முடியாது. கண் மருத்துவத்துக்கு மாறினார். வளைந்த விரல்களுக்கு ஏற்பக் கருவிகளை அமைத்துக்கொண்டு, கத்தி பிடிக்கக் கையை மெல்ல மெல்லப் பழக்கினார். 1976இல், ஓய்வு பெற்றபின், பதினோரு கட்டில்களோடு மதுரையில் மருத்துவமனையைத் தொடங்கினார். அந்த விரல்களால் அவர் செய்த கண் அறுவைகள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

கனவு பிறரின் நோயிலிருந்து வந்தது. அதன் உருவத்தை மாற்றியது சொந்த நோய். வெங்கடசாமிக்கும் சே குவேராவுக்கும் இந்த அளவில் பாதை ஒன்றே.

பட்டவருக்கே தெரியுமா?

இரண்டாவது அனுமானத்துக்கு வருவோம். நோவு தெரிந்தவர் நல்ல மருத்துவராவாரா?

ஆதரவாகப் பேசுபவர்கள் முன்வைக்கும் சான்றுகளில் கனமானது, நோயாளிகளான மருத்துவர்களின் வாக்குமூலங்கள். அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் கிளிட்ஸ்மன், கடும் நோய்க்கு ஆளான மருத்துவர்களை நேர்கண்டு 2008இல் ஒரு நூலை வெளியிட்டார். காத்திருப்பு அறையின் நீளம், பெயருக்குப் பதிலாகக் கட்டில் எண், தலைமாட்டில் நின்றபடியே சொல்லப்படும் கெட்ட செய்தி: இவை எல்லாம் தாங்கள் படுத்த பிறகுதான் அவர்களுக்கு உறைத்தன. இது பொய்யாக இருக்க வழியில்லை. ஆனால் அவர்கள் முதலில் மருத்துவர்கள், பிறகு நோயாளிகள். குழந்தையாக நோயுற்று இருபது ஆண்டு கழித்து வெள்ளைக் கோட்டு போடுபவரிடம் அந்த உறைப்பு எவ்வளவு மிஞ்சும் என்பதை அந்த நூலைக் கொண்டு சொல்ல முடியாது.

மிஞ்சாமல் போகலாம் என்பதற்கு இரண்டு ஆய்வுகள் காரணம் தருகின்றன. ஃபிலடெல்ஃபியாவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரி மாணவர்களை ஹோஜத் குழு தொடர்ந்து அளந்து 2009இல் வெளியிட்ட முடிவின்படி, பரிவின் அளவு மூன்றாம் ஆண்டில் கண்கூடாகச் சரிந்தது. மாணவர்கள் உண்மையான நோயாளிகளிடம் நெருங்கிப் பழகத் தொடங்கும் ஆண்டு அதுதான். பயிற்சியின் அழுத்தம் பரிவைத் தின்கிறது என்றால், நோயுற்றவராக உள்ளே வந்தவருக்கு மட்டும் விதிவிலக்கு உண்டா என்பது நேரடியாகச் சோதிக்கப்பட வேண்டியது.

மற்றது இன்னும் சங்கடமானது. ரட்டன், மெக்டொனல், நார்ட்கிரென் என்ற மூவர் 2015இல் தொடர் பரிசோதனைகளை வெளியிட்டார்கள். ஒரு துன்பத்தைத் தாங்கிக் கடந்தவர்கள், அதே துன்பத்தைத் தாங்க முடியாமல் துவண்டவரிடம், துன்பத்தையே அறியாதவர்களைவிடக் குறைவான கருணை காட்டினார்கள். கடந்த பிறகு வலியின் முழு அளவு நினைவில் நிற்பதில்லை. ‘நான் தாங்கினேனே’ என்பது மட்டும் நிற்கிறது என்று அவர்கள் விளக்கினார்கள். இந்தப் பரிசோதனைகள் மருத்துவர்களைக் கொண்டு செய்யப்பட்டவை அல்ல என்பதை மறக்கக் கூடாது. துவளாமல் போராடுபவரிடம் அனுபவசாலிகள் கருணை காட்டவே செய்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனாலும் வார்டில் அழுது அடம்பிடிக்கும் குழந்தையிடம், தானும் ஒருகாலத்தில் அதே ஊசியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்ட டாக்டர் எப்படி நடந்துகொள்வார் என்பதை நம் பழமொழி நினைக்கும் அளவுக்கு உறுதியாகச் சொல்ல முடியாது.

துன்பம் மனிதரை வளர்க்கிறது என்ற பொதுக் கருத்துக்கும் இதே கதி. டெடெஸ்கியும் கால்ஹூனும் 1996இல் உருவாக்கிய அளவுகோல் அந்த வளர்ச்சியைக் கேள்விகளால் அளந்தது. 2009இல் பட்ரீஷியா ஃபிரேஷியர் குழு, துன்ப நிகழ்வுக்கு முன்னும் பின்னும் மாணவர்களை அளந்து பார்த்தது. வளர்ந்துவிட்டதாக அவர்கள் நினைத்ததற்கும் உண்மையில் ஏற்பட்ட மாற்றத்துக்கும் பெரிதாகத் தொடர்பில்லை. ஆட்லரின் கல்லறை மறுபடியும் நினைவுக்கு வருகிறது.

வாசலில் நிற்கும் பிள்ளை

கனவு எங்கிருந்து வந்தது என்று இவ்வளவு நேரம் பேசினோம். அந்தக் கனவு எங்கே போய் நிற்கிறது என்ற கேள்விதான், என் கணிப்பில், நாம் அதிகம் கவலைப்பட வேண்டியது.

அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பவர், தான் ஏன் மருத்துவராக விரும்புகிறார் என்று 5,300 எழுத்துகளுக்குள் எழுதித் தர வேண்டும். அங்கே நோய்க்கதைக்கு ஒரு விலை உண்டு. ஆகவே அதை மெருகேற்றும் தூண்டுதலும் உண்டு. இந்தியாவில் நீட் தேர்வின் 180 கேள்விகளில், 720 மதிப்பெண்ணில், ஏன் என்ற கேள்விக்கு இடமில்லை. தனக்கென நீண்ட நேர்முகத் தேர்வு முறை வைத்திருந்த வேலூர் சிஎம்சி, 2017இல் தன் 100 எம்பிபிஎஸ் இடங்களில் 99ஐ நிரப்பாமலே விட்டு நீட் முறைக்கு எதிர்ப்புத் தெரிவித்தது. 2020இல் உச்ச நீதிமன்றம் நீட் எல்லோருக்கும் பொது என்று தீர்ப்பளித்தது. நேர்காணல் நோயறிந்த மனத்தைக் கண்டுகொள்ளும் என்பவர்களும் உண்டு, கதை சொல்லத் தெரிந்தவரைத்தான் கண்டுகொள்ளும் என்பவர்களும் உண்டு. இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது.

தேர்வில் மதிப்பெண் வாங்கிய பிறகும் ஒரு வாசல் பாக்கி. தீவிர சிகிச்சை தன் தடத்தை உடம்பில் விட்டுப்போகிறது. இரத்தப் புற்றுநோய்க்குத் தரும் வின்கிரிஸ்டின் நரம்பு முனைகளைத் தாக்கும். பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் போட முடியாது, பென்சில் வழுக்கும். சிஸ்பிளாட்டின் காதைக் கெடுக்கும். டாக்சோரூபிசின் இதயத்தைத் தளர்த்தும். பாதிப்பு பலருக்கு மெல்லச் சரியாகிறது, சிலருக்கு நிற்கிறது. குழந்தைப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள் வளர்ந்தபின் வேலையின்றி இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு என்று 2006இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். மூளைக் கட்டியிலிருந்து மீண்டவர்கள் நிலை அதைவிடக் கடினம். டாக்டர் கனவின் பின்னணியில் இந்த எண் எப்போதும் இருக்கிறது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது. தலசீமியா, ஹீமோஃபீலியா, அரிவாள் செல் நோய் ஆகியவையும் அதில் உண்டு. மாதந்தோறும் இரத்தம் ஏற்றிக்கொண்டே வளரும் பிள்ளை சட்டத்தின் கண்ணில் இப்போது உரிமையாளர். உயர்கல்வியில் 5 விழுக்காடு இடஒதுக்கீடும் வந்தது. ஆனால் மருத்துவப் படிப்புக்கான விதிகள் இரு கைகளும் முழுமையாக, உணர்ச்சியோடும் பலத்தோடும் இருக்க வேண்டும் என்று கேட்டன. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் குறைபாட்டின் விழுக்காட்டை மட்டும் பார்த்து ஒருவரை ஒதுக்கக் கூடாது, படிப்பைத் தொடரும் திறன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றது. 2025 பிப்ரவரியில் ‘இரு கைகள்’ நிபந்தனையையே கடுமையாக விமர்சித்தது.

எதிர்வாதத்தை ஒதுக்கித் தள்ளக் கூடாது. நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய மாணவரைக் காசநோய் வார்டில் நிறுத்துவது அவர் உயிருக்கே ஆபத்து. முப்பத்தாறு மணி நேரப் பணி தளர்ந்த இதயத்துக்கு ஆகாது. நோயாளியின் பாதுகாப்பு எதைவிடவும் பெரிது. ஆனால் இவற்றில் பல, பணி அமைப்பை மாற்றினால் தீரக்கூடியவை. சிறு வயதில் காசநோயோடும் வாசிப்புக் குறையோடும் போராடிய குழந்தை இதய மருத்துவர் ஹெலன் டாசிக், செவித்திறன் பெரிதும் மங்கியபின் குழந்தைகளின் இதயத் துடிப்பை விரல் நுனியால் உணர்ந்து கண்டறிந்தார். உடல் நீலம் பாரித்த குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சை அவர் யோசனையில் பிறந்து, 1944 நவம்பர் 29 அன்று ஜான்ஸ் ஹாப்கின்ஸில் முதன்முதலாக நடந்தது. காதையும் கையையும் பரிசோதித்து அனுப்பும் வாசலில் அவர் நின்றிருந்தால் உள்ளே விட்டிருப்பார்களா என்று கேட்பது நியாயமான கேள்விதான்.

இன்னும் தெரியாதவை

நோய் கனவுக்கு ஒரு காரணமாகலாம், போதிய காரணமாகாது என்பதுவரை ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம். நோயைவிட அந்த நேரத்தில் கட்டிலருகே நின்ற மனிதரும், வீட்டின் வசதியும், தொழிலின் மதிப்பும் கனமான காரணங்களாகத் தெரிகின்றன. அறிவுக்கு நோய் உதவுகிறது; பரிவுக்கு உதவுகிறதா என்பதில் சான்றுகள் இரண்டு பக்கமும் இழுக்கின்றன. எந்த வயதில் வந்த நோய், எவ்வளவு நாள் நீடித்தது, முழுக்கத் தீர்ந்ததா, கூடவே இருக்கிறதா என்ற வேறுபாடுகளைப் பிரித்துப் பார்க்காமல் இந்த இழுபறி தீராது. தீர்ந்த நிமோனியாவும் தீராத தலசீமியாவும் ஒரே அனுபவமல்ல.

தேவைப்படுவது முன்னோக்கிய பதிவு. குழந்தைகள் வார்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்பு இருக்கிறது. எடை, இரத்த அணுக்கள், மருந்தின் அளவு எல்லாம் அதில் நாள்தோறும் ஏறுகின்றன. ‘பெரியவளானதும் என்ன ஆகணும்?’ என்ற கேள்வியையும் அதன் பதிலையும் அதே கோப்பில் ஒரு வரியாக எழுதிவையுங்கள். டாக்டர் என்று சொன்ன பிள்ளையையும் எழுதுங்கள், நர்ஸ் என்று சொன்ன பிள்ளையையும், ஒன்றுமே சொல்லாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்ட பிள்ளையையும். பதினைந்து ஆண்டு கழித்து அவர்களைத் தேடிப் போய்க் கேளுங்கள்.